இடக்கைப் பிள்ளைக்குக் கிட்டார்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நான் எடுக்கும் கிட்டார் வகுப்புக்கு இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை வந்தால், முதலில் அதன் கிட்டாரைத்தான் வாங்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் பார்த்த தவறுகளே மறுபடியும் கண்ணில் படுகின்றன. நிறம், பிராண்டு, பை போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வலக்கைக் கிட்டாரின் கம்பி வரிசையை மாற்றிப் போட்டால் போதும் என்று நம்புவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் சிறுமி ஒருத்தி. "சார், கடையிலேயே கம்பிய மாத்திக் கொடுத்துட்டாங்க, இனி இது லெஃப்ட் ஹேண்ட் கிட்டார்தான்னு சொன்னாங்க" என்றார் அவள் அம்மா. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சிறு கட்டையான நட்டைப் பார்த்தேன். ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆறாவது கம்பி, 0.3 மில்லிமீட்டர் கம்பிக்காக வெட்டிய பள்ளத்தில் இறங்காமல் விளிம்பில் ஏறி நின்றது. மெல்லிய கம்பியோ அகலப் பள்ளத்தில் ஆடிக் கரகரத்தது. கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் முதலாவதான முதல் ஃபிரெட்டில் கம்பியை அழுத்த அவளுக்கு விரல் நுனி வெளுத்துப்போனது.

நட்டை மாற்றிவிடலாம். அதோடு முடிவதில்லை. ஸ்டீல் கம்பிக் கிட்டாரின் உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் கட்டையான சாடில் சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். தடித்த கம்பிக்கு நீளம் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதே காரணம். கம்பிகள் இடம் மாறினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அழுத்தாத கம்பியைச் சுருதி பார்க்கும் டியூனர் எல்லாம் சரி என்றுதான் காட்டும். ஃபிரெட்டில் மேலே போகப் போகத் தடித்த கம்பி சுருதி ஏறும், மெல்லியது இறங்கும். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு ஒட்டாது. பிள்ளை தன் காதில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். எனக்குப் பொறுக்காதது அதுதான். சாடில் பள்ளத்தை அடைத்து மறுபடி வெட்டுவது மலிவுக் கிட்டாருக்குக் கட்டுப்படியாகாது. மேற்பலகைக்கு உள்ளே இருக்கும் மரச்சட்டங்களும் வலக்கைக்கென்றே அமைந்தவை.

இடக்கை ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படித்தானே வாசித்தார் என்பார்கள். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சாடில் உண்டு, திருகி நகர்த்தலாம். மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அக்கூஸ்டிக்கில் அந்த வசதி கிடையாது.

"வளர்ந்துடுவா" என்று பெரியதாக வாங்குவது

பள்ளிச் சப்பாத்தை ஓர் அளவு கூட்டி வாங்குவதுபோலக் கிட்டாரை வாங்கக்கூடாது. டிரெட்நாட் என்ற பெரிய வகைக் கிட்டாரில் கம்பி நீளம் சுமார் 25.4 அங்குலம் இருக்கும், உடலும் ஆழம். மீட்டும் தோள் காதுவரை ஏறிவிடும். சிறிய கிட்டார்களில் டெய்லர் ஜிஎஸ் மினி 23.5 அங்குலம், பேபி டெய்லர் 22.75, இரண்டிலும் இடக்கை வகை உண்டு. நீளம் குறைந்தால் கம்பியின் இழுப்பும் குறையும், விரல் அவ்வளவாக நோகாது. பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள்: தோள் உயராமல் இடக்கை மீட்ட வேண்டும், வலக்கை முழங்கை மடங்கியபடியே முதல் ஃபிரெட்டைத் தொட வேண்டும்.

நைலான் கம்பி என்றால் எல்லாம் எளிது என்று எண்ணுவது

விரலுக்கு மென்மைதான். ஆனால் நைலான் கம்பி போட்ட முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், சின்னக் கைக்கு எட்டாது. முக்கால் அளவு பாருங்கள்.

வலக்கையில் வலிந்து பழக்குவது

எந்தக் கையால் மீட்ட வசதி என்று பிள்ளையைக் கேளுங்கள்.

ஆக்‌ஷனைப் பார்க்காமல் வாங்குவது

ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமே ஆக்‌ஷன். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் 12ஆம் ஃபிரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் மேற்பலகை ஊதி அது இன்னும் ஏறும். 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதமே கிட்டாருக்கு ஏற்றது. வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

நேரில் போனால் கிடைத்துவிடும் என்று கிளம்புவது

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் வரிசையாகக் கிட்டார் தொங்கினாலும், சிறிய இடக்கைக் கிட்டார் எப்போதும் இருக்காது. போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் தருவிக்கச் சொல்லிக் காத்திருங்கள். கடையில் கம்பியை மாற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.