கதவுச் சிலந்தியின் வளையைக் கண்டுபிடிப்பது எப்படி

கதவுச் சிலந்தி மண்ணில் வளை தோண்டி, அதன் வாசலைக் கதவு போன்ற மூடியால் அடைத்து வாழும். அதைத் தேட மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நான் முதலில் தேடுவது பாதையோரம் செங்குத்தாக வெட்டிய மண்கரையைத்தான். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கரையை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். மூடியின் விளிம்பு அரைவட்ட நிழலாக எழும்பும். மூடிக்கு மேலே மண்ணும் பாசியும், உள்ளே வெள்ளைப் பட்டு. ஒரு பக்கம் மட்டும் கீல் போலக் கரையோடு ஒட்டியிருக்கும்.

ஈர்க்குச்சி நுனியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து வெடுக்கென்று இழுத்தால் சிலந்தி வீட்டில் இருக்கிறது. சரி, அதோடு விட்டுவிடுங்கள். முதல் வருடம் நான் ஒரு மூடியைப் பிய்த்துவிட்டேன், இன்னும் மனசு உறுத்துகிறது. பெண் சிலந்திக்கு ஆயுளுக்கும் ஒரே வளைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974 முதல் கவனித்துவந்த ‘எண் 16’ என்ற பெண் 43 வயது வரை ஒரே வளையில் இருந்தது. 2016இல் அதன் மூடியைக் குளவி துளைத்திருந்ததைத்தான் பார்த்தார்கள்.

வகைப்பாட்டுக்கு, மழைக்காலத்தில் பெண்ணைத் தேடி வெளியே திரியும் ஆணைக் கவனியுங்கள். நச்சுப்பற்கள் ஒன்றையொன்று வெட்டாமல் இணையாகக் கீழே இறங்கினால் அது மைகலோமார்ஃபே என்ற சிலந்திக் கூட்டம்; பெரிய மயிர்ச் சிலந்தியான டாரன்டுலாவும் இதே கூட்டம்தான். அப்புறம் லென்ஸில் கண்கள்: எட்டில் இரண்டு மட்டும் தலையின் முன்விளிம்பை ஒட்டித் தனியே நின்றால் இடியோப்பிடே குடும்பத்து இடியாப்ஸ் போன்ற பேரினங்களைப் பாருங்கள். இனத்தைச் சொல்ல, ஆணின் வாயருகே உள்ள சிறுகாலின் நுனிக்குமிழ் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும்.