வீட்டு ஓவனில் பிரெஞ்சு பகெத்: முதல்முறை செய்பவர்களுக்கு

பகெத் என்பது நீளமான, மேலே மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டி. இதில் பால், வெண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று சொல்லி விற்பதில் ரசாயனச் சேர்க்கைகள் இருக்கக்கூடாது, பிசைந்த மாவை உறைய வைக்கவும் கூடாது என்று 1993-லேயே பிரான்ஸ் அரசு ஆணை போட்டுவிட்டது. பிறகு ருசி எங்கிருந்து வருகிறது? மாவு நிதானமாகப் புளிக்கும் நேரத்திலிருந்து. அதனால் இதை முதல்நாள் மாலையே தொடங்குங்கள்.

தேவையானவை: புரதம் 11 சதவீதத்துக்குக் குறையாத மைதா 500 கிராம், தண்ணீர் 340 மி.லி., உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். தராசில் நிறுத்தே எடுங்கள், கப் அளவு சரிவராது.

1. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 30 நிமிடம் மூடி வையுங்கள். ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு ரொட்டி வல்லுநர் பரப்பிய முறை இது. மாவு தானாகவே இழுவை பெறும், பிசையும் வேலை பாதியாகும்.

2. உப்பு, ஈஸ்ட் சேர்த்துப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும். பயந்து மைதாவைக் கொட்டாதீர்கள், அந்த ஈரம்தான் ரொட்டிக்குள்ளே பெரிய துளைகளைத் தரும். அரை மணிக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை இழுத்து மடித்துவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

3. காலையில் நான்காகப் பிரித்து, 20 நிமிடம் விட்டு, காற்று முழுதும் போய்விடாமல் நீளமாக உருட்டுங்கள். அப்புறம் முக்கால் மணி நேரம் உப்ப விடுங்கள்.

4. புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து, நீளவாக்கில் சற்றே சரிவாக மூன்று நான்கு கீறல் போடுங்கள். கீறாவிட்டால் ரொட்டி தன் இஷ்டத்துக்கு வெடிக்கும்.

5. இனி நீராவி. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஓவனை 240 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குங்கள், அடித்தட்டில் ஒரு இரும்புத் தட்டும் இருக்கட்டும். ரொட்டியை உள்ளே வைத்ததும் அந்தத் தட்டில் ஒரு கப் வெந்நீர் ஊற்றி உடனே கதவை மூடுங்கள்; கை, முகம் பத்திரம். ஆவி மேல்தோலைச் சீக்கிரம் இறுகவிடாது, ரொட்டி முழுதாக உப்பும். மேலே படிந்த ஈரத்தில் மாவுச்சத்து வெந்து, பின்னர் காய்ந்து, மெல்லிய மொறுமொறு ஓடாகும். 10 நிமிடத்தில் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, இன்னும் 12 முதல் 15 நிமிடம், நல்ல பழுப்பு நிறம் வரும்வரை சுடுங்கள். வெளிறிய பகெத்தில் ருசி இருக்காது.

கம்பித் தட்டில் ஆறவைத்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள். கொழுப்பே இல்லாததால் மறுநாள் கெட்டியாகிவிடும். மிஞ்சினால் வெங்காய சூப்பில் போடலாம், அல்லது பாலும் முட்டையும் கலந்து நனைத்து வறுக்கலாம்; பிரெஞ்சு வீடுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.