அசினூ மாதா கோயிலின் சுவரோவியங்களைப் பார்ப்பது எப்படி

சைப்பிரஸ் தீவின் துரோடோஸ் மலையடியில், நிகிதாரி ஊருக்கு அப்பால் காட்டோரமாக நிற்கும் அசினூ மாதா கோயில், வெளியிலிருந்து ஓடு வேய்ந்த தானியக் கொட்டகை போலவே தோன்றும். அந்தக் கூரையைக் கவனிக்காமல் உள்ளே போய்விடாதீர்கள். கல்லாலான வளைவு விதானத்தின் மேல் மழையும் பனியும் தங்காதபடி, மரச்சட்டத்தில் தனியே எழுப்பிய இரண்டாவது கூரை அது.

முன்மண்டபத்தில் நுழைந்ததும் அங்கேயே நின்று பார்க்கத் தோன்றும். ஆயினும் அதைக் கடந்து நேராக உள்ளறைக்குச் செல்வதே நல்லது. உள்ளறையே முதலில் எழுந்தது. முன்மண்டபம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சேர்க்கப்பட்டது.

உள்ளே தெற்கு வாசலுக்கு மேலுள்ள கிரேக்க வாசகத்தைத் தேடுங்கள். அலெக்சியோஸ் கொம்னினோஸ் பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோம அரசின் பேரரசராக இருந்தபோது, நிகிபோரோஸ் மகிஸ்திரோஸ் என்பவரின் கொடையால் கோயிலுக்கு ஓவியம் தீட்டப்பட்டதாக அது சொல்கிறது. அதிலுள்ள ஆண்டு 6614, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணிய பைசாந்தியக் கணக்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் பிறப்பதால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509ஐயும் மற்ற மாதங்களுக்கு 5508ஐயும் கழிக்க வேண்டும். 1105–06 என்று வரும். வாசகத்தில் பதினைந்தாண்டு வரிச்சுழற்சியின் 14ஆம் ஆண்டு என்றும் இருக்கிறது. 6614ஐப் பதினைந்தால் வகுத்தால் மீதி 14 என்பதால், கணக்கை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகு மேற்குச் சுவருக்குத் திரும்புங்கள். வாசலுக்கு மேல் மரியாள் உயிர் நீத்துக் கிடக்கிறாள். துணி சுற்றிய குழந்தையாகக் காட்டப்படும் அவளுடைய ஆன்மாவைக் கிறிஸ்து ஏந்தியிருக்கிறார். அருகே, கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் உறைந்த ஏரியில் விடப்பட்ட செபஸ்தே நகரின் நாற்பது வீரர்கள் ஒடுங்கி நிற்கிறார்கள். இந்தக் கோயிலில் அதிக நேரம் தரவேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம். கண் அரையிருளுக்குப் பழகிய பின்னரே முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும்.

முன்மண்டபத்தைக் கடைசியாகப் பாருங்கள். குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜ் ஓவியம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. இறுதித் தீர்ப்பு முதலிய பிற பெரும்பாலானவை 1332–33இல் தீட்டப்பட்டவை. தீவு அப்போது பிரெஞ்சு வழிவந்த லூசினியன் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. உள்ளறையில் பார்த்த மெலிந்த நீள உருவங்கள் நினைவில் இருக்கும்போதே இவற்றைப் பார்த்தால், இரு தலைமுறைக் கைகளுக்கும் இடைப்பட்ட 200 ஆண்டுக்கு மேற்பட்ட தூரம் கண்ணுக்கே தெரியும்.