அமெரிக்க ஓபியாய்டு மரணக் கணக்கைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலிநிவாரணிகளும் போதைப்பொருள்களும்) நெருக்கடி பற்றிய செய்தியில் ஓர் எண்ணைக் கண்டால், அது எல்லாப் போதைப்பொருள்களாலும் நேர்ந்த மரணங்களைக் குறிக்கிறதா, ஓபியாய்டு மரணங்களை மட்டும் குறிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2021-இல் அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,06,000-க்கும் மேல். அவர்களில் ஓபியாய்டு தொடர்புடையோர் ஏறத்தாழ 80,000 பேர். ஒருவரின் மரணத்தில் ஃபென்டனில் என்ற வீரியமிக்க செயற்கை ஓபியாய்டும் கொக்கெயினும் சேர்ந்தே இருந்தால் அவர் இரு வகைகளிலும் எண்ணப்படுவார் என்பதால், வகைவாரி எண்களைக் கூட்டக் கூடாது.

அடுத்து, எந்தக் காலத்தைப் பற்றிய செய்தி என்று கவனியுங்கள். 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரை சந்தைக்கு வந்த காலத்திலிருந்து மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தந்த வலிநிவாரணிகளும், 2010-ஐ ஒட்டி ஹெராயினும், 2013 முதல் சட்டவிரோதமாகத் தயாரிக்கப்படும் ஃபென்டனிலும் அடுத்தடுத்து உயிர்களைப் பறித்திருப்பதால், மருந்துச் சீட்டுகளைக் குறைத்தாலே போதும் என்ற வாதம் இன்றைய நிலைக்குப் பொருந்தாது. மருந்து திடீரென நிறுத்தப்பட்டுத் தவித்த நாள்பட்ட வலி நோயாளிகளையும் அது மறந்துவிடுகிறது, இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கொள்கையை எடைபோடும்போது, கைதானவர்களின் எண்ணிக்கையைவிட, ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மெத்தடோன், புப்ரினார்ஃபின் மருந்துச் சிகிச்சை எத்தனை பேரை எட்டுகிறது என்று கேளுங்கள். ஓபியாய்டு மிகுந்து மூச்சு ஒடுங்கியவரை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் அங்கே 2023 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படுகிறது. அது ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.