குனியத் தெரியுது, இடுப்பு தாங்குதா? கோர் பயிற்சி புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தேனி மாவட்டத்துல இருக்குற எங்க கம்பம் ஊர்ல விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புங்க குமுளி மலை ஏற ஆரம்பிச்சிரும், ஏலத்தோட்டத்துக்குப் போற பசங்க பொண்ணுங்கள்ல பாதிப்பேருக்கு இருபது இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும், ஆனா சாயங்காலம் எறங்குறப்ப இடுப்புல கைய வச்சுக்கிட்டே எறங்குறாங்க. ஏலக்காய் செடியோட அடியில, தரைய ஒட்டித்தான் காய்க்கும், அதனால நாள் பூரா குனிஞ்சோ குத்தவச்சோதான் எடுக்கணும். அவங்கள நெனச்சுதான் இத எழுதுறேன்.

கோர்னா சிக்ஸ்பேக் இல்லங்க. வயித்த பெல்ட் மாதிரி சுத்தியிருக்குற தசை, முதுகெலும்ப ஒட்டி இருக்குற சின்ன தசைங்க, மேல மூச்சு இழுக்குற தசை, கீழ இடுப்புக்குழிய தாங்குற தசை, எல்லாம் ஒண்ணா இறுகுனாத்தான் முதுகு ஆடாம நிக்கும்.

முதல்ல அளந்து பாருங்க. செவுத்துல பாதத்த பதிச்சு கால நீட்டி உக்காந்து, மெதுவா கைய நீட்டுங்க, விரல் செவுத்த தொடுதா? அப்புறம் பிளாங்க், அதாவது குப்புறப் படுத்து, முழங்கையையும் கால் விரலையும் மட்டும் ஊன்றி, உடம்ப பலகை மாதிரி நேரா தூக்கி நிறுத்துறது, இடுப்பு தொங்காம எத்தன செகண்ட் நிக்குறீங்க? ரெண்டையும் எழுதி வைங்க. பொதுவா பொண்ணுங்களுக்கு நல்லா வளையும், பசங்களுக்கு தொடைக்குப் பின்பக்கம் கயிறு மாதிரி இழுக்கும். ஆனா வளையுறவங்களுக்கெல்லாம் தாங்குற பலம் இருக்கும்னு நெனைக்காதீங்க, அது வேற இது வேற.

இப்ப பயிற்சி. தவழுற மாதிரி நில்லுங்க, யாரோ வயித்துல குத்த வர்றாங்கன்னா எப்படி இறுக்குவீங்க, அந்த அளவுல பாதி இறுக்கிக்கிட்டு, மூச்ச மட்டும் அடக்காம, வலது கையையும் இடது காலையும் நீட்டி 10 செகண்ட், அப்புறம் மாத்தி. பக்கத்துக்கு 5 தடவ. இடுப்ப ஒட்டி கீழ்முதுகு மேல ஒரு காலி பிளாஸ்டிக் டம்ளர யாரையாவது வைக்கச் சொல்லுங்க, விழுந்தா இடுப்பு திரும்புதுன்னு அர்த்தம், கால இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க. உயரம் முக்கியமே இல்ல.

அடுத்து சைடு பிளாங்க், அதாவது ஒருக்களிச்சுப் படுத்து, ஒரு முழங்கைய ஊன்றி இடுப்ப தரையிலேருந்து தூக்கி நிறுத்துறது, முட்டிய மடிச்சே ஆரம்பிங்க, 10 செகண்ட், பக்கத்துக்கு 3 தடவ.

கடைசியாதான் ஸ்ட்ரெச். மல்லாக்கப் படுத்து, பாதத்துல துண்ட மாட்டி, கால தூக்கி 30 செகண்ட், ரெண்டு தடவ. தொடையில இழுக்குறது சரி, கால் விரல் வரைக்கும் மரத்துப்போனா உடனே நிறுத்தி டாக்டர பாருங்க.

ஒண்ணு மட்டும் ரொம்ப கவனம். ராத்திரி படுத்திருக்கப்ப முதுகெலும்பு கட்டைங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், அதனால எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்கு குனிஞ்சு கால தொடுற வேலையெல்லாம் வேணாம். விடிகாலையில ஜீப் ஏறுறவங்க இத சாயங்காலம் வந்து குளிக்கிறதுக்கு முன்னாடி செய்ங்க, வாரத்துக்கு மூணு நாள் போதும். ஆறு வாரம் கழிச்சு அதே செவுத்துல, முன்னாடி அளந்த அதே நேரத்துல திரும்ப அளங்க, ஏன்னா காலையில வளையுறதுக்கும் சாயங்காலம் வளையுறதுக்கும் வித்தியாசம் இருக்கும்.