நியூத்திரன் மிகுந்த கருக்களின் பீற்றாத் தேய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கையில், பீற்றாத் தேய்வுக் கணக்குகளில் ஆண்டுதோறும் அநேகமாக ஒரே பிழைகளைத்தான் திருத்த நேர்கிறது. கருவிலுள்ள ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனும் எதிர் நியூத்திரினோ என்னும் ஏற்றமற்ற துணிக்கையும் வெளியேறுவதே இத்தேய்வு. தேய்வது தனி நியூத்திரன் என எண்ணிக்கொண்டு, முழுக் கருவையும் மறந்துவிடுவதே அவற்றுட் பலவற்றுக்கு வேர்.

அடிக்கடி காணும் பிழை இலத்திரனின் திணிவை வீணாகக் கழிப்பது. அண்மையில் ஒரு மாணவியின் அப்பியாசக் கொப்பியில், காபன்-14 இன் திணிவான 14.003242 இலிருந்து, அது தேய்ந்து உருவாகும் நைதரசன்-14 இன் திணிவான 14.003074 கழிக்கப்பட்டு, 0.000168 அணுத்திணிவு அலகு என்ற சரியான வித்தியாசம் இருந்தது. அதன் கீழ், வெளியேறும் இலத்திரனுக்கென்று மேலும் 0.000549 கழிக்கப்பட்டிருந்ததால் விடை மறையாகிவிட்டது. அந்த விடையின்படி காபன்-14 தேயவே முடியாது. திணிவு அட்டவணை தருவது கருவின் திணிவையன்று, நடுநிலை அணுவின் திணிவை. காபனில் ஆறு இலத்திரன்கள், நைதரசனில் ஏழு. அந்த ஏழாவதன் திணிவிலேயே வெளியேறும் இலத்திரனின் கணக்கும் அடங்கிவிடுகிறது. ஆகவே 0.000168 ஐ, ஓர் அணுத்திணிவு அலகுக்குச் சமமான சக்தியாகிய 931.5 மெகா இலத்திரன்வோற்றாற் பெருக்கிப் பெறும் 0.156 மெகா இலத்திரன்வோற்றே வெளிவிடப்படும் சக்தி. பொசித்திரன் (நேரேற்ற இலத்திரன்) வெளியேறும் தேய்வில் மட்டுமே இரண்டு இலத்திரன் திணிவுகளைக் கழிக்க வேண்டும்.

அந்தச் சக்தி முழுவதையும் இலத்திரனுக்கே கொடுத்துவிடுவதும் தவறு. இலத்திரன்கள் ஒரே சக்தியையன்றி, தொடர்ச்சியான சக்தி நிறமாலையைக் காட்டுவதை 1914 இல் பௌதிகவியலாளர் சாட்விக் கண்டார். 1930 இல் பவுலி என்னும் பௌதிகவியலாளர் முன்மொழிந்த துணிக்கையே, அதாவது நியூத்திரினோவே, அதற்கு விளக்கமாயிற்று. காபன்-14 இன் இலத்திரன் சராசரியாக ஏறத்தாழ 0.049 மெகா இலத்திரன்வோற்றையே பெறுகிறது. மீதி எதிர் நியூத்திரினோவுடன் போய்விடுகிறது. இலத்திரனும் எதிர் நியூத்திரினோவும் தேய்வின் கணத்திலேயே உருவாகின்றன, முன்னரே கருவுக்குள் ஒளிந்திருந்தவை அல்ல.

"நியூத்திரன் அதிகமென்றால் தேயும்" என்று எழுதுவோரும் உண்டு. ஈயம்-208 இல் 82 புரோத்தன்களுக்கு 126 நியூத்திரன்கள் இருந்தும் அது உறுதியானது; ஆறு புரோத்தன்களுக்கு எட்டு நியூத்திரன்களே கொண்ட காபன்-14 தேய்கிறது. பார்க்க வேண்டியது விகிதத்தையன்று: அதே திணிவெண்ணுடன் (புரோத்தன், நியூத்திரன்களின் மொத்த எண்ணிக்கையுடன்) ஒரு புரோத்தன் கூடிய அணுவின் திணிவு குறைவாக இருக்கிறதா என்பதையே. தனித்த நியூத்திரன் சுமார் பத்து நிமிட அரைவாழ்வுடன் தேய, உறுதியான கருவுக்குள் இருப்பது தேயாதிருப்பதும் இதனாலேயே.

நமது மாவட்டத்துப் புல்மோட்டைக் கனிய மணலின் மொனசைற்று என்னும் கனியத்திலுள்ள தோரியம்-232 அல்பாத் தேய்வினால் இரேடியம்-228 ஆகிறது. அது பீற்றாத் தேய்வினால் 5.75 ஆண்டு அரைவாழ்வுடன் அக்டினியம்-228 ஆகவும், அக்டினியம் அவ்வாறே சுமார் ஆறு மணித்தியால அரைவாழ்வுடன் தோரியம்-228 ஆகவும் மாறுகின்றன. நியூத்திரன் குறைந்ததென்று இங்கே 227, 226 என எழுதிச் செல்வோர், அதற்கு ஈடாகப் புரோத்தன் கூடியதை மறக்கிறார்கள். அணுவெண் 88, 89, 90 என ஏறினாலும் திணிவெண் 228 ஆகவே நிற்கும். இத்தகைய மணலை அளக்கும்போது 0.911 மெகா இலத்திரன்வோற்றுக் காமாக் கோடு அக்டினியத்தின் பெயரிலேயே குறிக்கப்படுகிறது. உண்மையில் அதை வெளிவிடுவது, பீற்றாத் தேய்வின்பின் அருட்டப்பட்ட (மிகைச் சக்தி கொண்ட) நிலையிலிருக்கும் தோரியம்-228 கருவே.