பாட்டுக்கு முன் பறத்தல்: கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் ராணுவ விமானிப் பணியை ஆராய்வது எப்படி?

கன்ட்ரி இசைப் பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் 1965இல் நாஷ்வில் நகருக்குக் குடிவந்து, கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைக்கும் வேலையும் பார்த்தார். அதற்குச் சற்று முன்புவரை அவர் அமெரிக்கத் தரைப்படையில் கேப்டன், ஹெலிகாப்டர் ஓட்டியவர். இந்த ஒரு வரி எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகள், ஊர்கள், ஆணைகள் எங்கேயும் முழுமையாக இல்லை. அவற்றைத் தேடி எடுப்பது எப்படி என்பதை இதற்குமுன் ஆவணக் காப்பகத்தின் பக்கமே போகாதவர்களுக்காக எழுதுகிறேன். அவருடைய பாடல்களில் எனக்குள்ள பற்றைப் போலவே, அவரைப் பற்றிச் சொல்லப்படுபவை சரியாக இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு.

படி 1: தெரிந்ததை எல்லாம் ஆண்டு வரிசையில் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் செய்தி, மூன்றாவதில் அதை யார், எப்போது சொன்னார்கள் என்ற விவரம். பெரும்பாலோர் விட்டுவிடுவது மூன்றாவது பத்தியைத்தான். பின்னால் உங்களுக்கு அதிகம் உதவப்போவதும் அதுதான்.

கிறிஸ்டோஃபர்சனுக்கு அந்த வரிசை ஏறத்தாழ இப்படி வரும். 1936 ஜூன் 22இல் டெக்சஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில் பிறப்பு. 1958இல் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் பட்டம். ரோட்ஸ் உதவித்தொகையுடன் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம், 1960 வரை. பிறகு தரைப்படை அதிகாரி. கடுமைக்குப் பேர்போன ரேஞ்சர் பயிற்சி. அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் விமானிப் பயிற்சி. மேற்கு ஜெர்மனியில் 8ஆவது காலாட்படை டிவிஷன். 1965இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பணி ஒதுக்கப்பட்டது. அதை ஏற்காமல் படையிலிருந்து விலகினார். 2024 செப்டம்பர் 28இல் ஹவாயில் மறைவு.

இதில் கல்லூரிக் காலத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி பெற்று, பட்டத்தோடு படைக்குச் செல்லும் வழி உண்டு. ஆகவே ராணுவக் கதை பல நேரங்களில் கல்லூரி ஆண்டு மலரிலும் மாணவர் செய்தித்தாளிலும்தான் தொடங்குகிறது. இவற்றில் பல இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன.

படி 2: எந்தப் படை என்பதை உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. விமானப்படையில் இருந்தவர் எல்லோரும் விமானம் ஓட்டியவர் அல்லர். தரைப்படையில் இருந்ததால் ஓட்டியிருக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது. இன்னொரு கன்ட்ரி பாடகரான ஜானி கேஷ் 1950 முதல் 1954 வரை விமானப்படையில் இருந்தார். ஆனால் அவர் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து சோவியத் மோர்ஸ் சமிக்ஞைகளைப் பதிவு செய்தவர். கிறிஸ்டோஃபர்சனோ தரைப்படைக்காரர், வானில் பறந்தவர் அவர்தான். அமெரிக்கத் தரைப்படைக்குச் சொந்த ஹெலிகாப்டர்களும் சொந்த விமானிகளும் உண்டு.

ஆண்டையும் பாருங்கள். அமெரிக்க விமானப்படை தனிப் படையானது 1947 செப்டம்பரில்தான். அதற்கு முன் அது தரைப்படையின் ஒரு பகுதி. 1942இல் சேர்ந்து, இமயத்தைத் தாண்டும் 'ஹம்ப்' வழித்தடத்தில் சரக்கு விமானம் ஓட்டிய பாடகர் ஜீன் ஆட்ரியைத் தேடுபவர்கள் தரைப்படை ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

கிறிஸ்டோஃபர்சன் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவருடைய தந்தை லார்ஸ் ஹென்றி கிறிஸ்டோஃபர்சன் விமானப்படையில் மேஜர் ஜெனரல். குடும்பப் பெயரையும் 'விமானி' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் தந்தையின் செய்திகளும் கலந்து வரும். மகனை 'முன்னாள் விமானப்படை விமானி' என்று எழுதும் கட்டுரைகள் இந்தக் கலப்பில் பிறந்தவையாக இருக்கலாம். பழைய செய்தித்தாளில் ஒரு வரி கிடைத்தால், பதவி, படை, வயது மூன்றும் யாருக்குப் பொருந்துகின்றன என்று பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள்.

படி 3: செயின்ட் லூயிஸ் காப்பகத்தின் விதிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க ராணுவத்தினரின் தனிநபர் கோப்புகள் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. நியமன ஆணை, பயிற்சிச் சான்று, இடமாற்றம், பதவி உயர்வு, பதக்கம் எல்லாம் அந்த ஒரே கோப்பில் சேரும். அதை யார் பார்க்கலாம் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது: 62. ஒருவர் படையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆகிவிட்டால் கோப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடும். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் முழு நகல் பெறலாம்.

62 ஆண்டுகள் ஆகாவிட்டால், விலகியவரோ, அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரோதான் முழுக் கோப்பைக் கேட்கலாம். மற்றவர்களுக்குத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி ஒரு சுருக்கம் மட்டும் கிடைக்கும்: பணிக்காலம், பதவி, பணியிடங்கள், பயிற்சி, பதக்கங்கள் போன்றவை. இந்தச் சுருக்கத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். பணியிடமும் பயிற்சியும் தேதியோடு கையில் வந்துவிட்டால் பாதிக் கதை உறுதியாகிவிடும். நம்முடைய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும்; அமெரிக்கச் சட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, தீ. 1973 ஜூலை 12இல் அந்த மையத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. அவற்றுக்கு நகல் எடுத்து வைக்கப்படவில்லை. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி 1 வரை விலகிய விமானப்படையினரில், ஆங்கில அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 விழுக்காடு எரிந்தது.

இந்த விதியை நம் மூன்று பாடகர்களுக்கும் பொருத்திப் பாருங்கள். ஜீன் ஆட்ரி இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தரைப்படைக்காரர். அழிவின் மையத்தில் வருகிறார். 1954இல் விலகிய ஜானி கேஷ் விமானப்படை. 'கேஷ்' அகரவரிசையில் ஹப்பர்டுக்கு முன்னால் வருவதால் தீயின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். கிறிஸ்டோஃபர்சன் 1965இல் விலகிய தரைப்படைக்காரர். 1960 எல்லையைத் தாண்டிவிட்டதால் அவருடைய கோப்பைத் தீ தொட்டிருக்கக் காரணமில்லை. விண்ணப்பிக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் எந்தப் படை, எந்த ஆண்டு விலகல் என்ற இரண்டையும் முதலில் உறுதி செய்யச் சொன்னேன்.

படி 4: விண்ணப்பம்

எஸ்எஃப்-180 என்ற படிவத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி, நிரப்பி, கையொப்பமிட்டு அஞ்சலில் அனுப்புங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படை, அதிகாரியா சிப்பாயா, தோராயமான பணிக்காலம் ஆகியவை போதும். ராணுவ எண் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் தேடுவார்கள். இறந்தவரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் மறைந்த தேதியைக் குறிப்பிடுங்கள்.

'எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்று எழுதாதீர்கள். 'தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி வெளியிடக்கூடிய பணிக்காலம், பதவி, பணியிடங்கள், ராணுவப் பயிற்சி, பதக்கங்கள்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விமானிக்கு 'ராணுவப் பயிற்சி' என்ற சொல் மிக முக்கியம். ஃபோர்ட் ரக்கர் சென்ற தேதி அதில்தான் வரும்.

படி 5: வந்த தாளைப் படிப்பது

விலகல் சான்றின் பெயர் டிடி-214. 1950 முதல் எல்லாப் படைகளிலும் இதுதான் வழக்கம். தேதிகளில் கவனம் வேண்டும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஜானி கேஷ் விலகியது 1954 ஜூலை 3. அதையே ஓர் அமெரிக்கச் செய்தித்தாள் 7/3/54 என்று அச்சிட்டால் நாம் மார்ச் 7 என்று படித்துவிடுவோம். நோட்டில் மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள்.

இடப்பெயர்களும் மாறும். ஃபோர்ட் ரக்கர் 2023இல் ஃபோர்ட் நோவோசெல் ஆனது. 2025இல் மறுபடி ரக்கர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட பக்கங்களைத் தேட இரண்டு பெயரும் வேண்டும்.

படி 6: கோப்புக்கு வெளியே தேடுவது

8ஆவது டிவிஷனின் தலைமையகம் ஜெர்மனியின் பாட் க்ராய்ட்ஸ்னாக் நகரில் இருந்தது. டிவிஷன் ஆவணங்களுக்கு மேரிலாண்டின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள தரைப்படை மரபு மையம் இரண்டையும் கேளுங்கள். கிறிஸ்டோஃபர்சன் ஜெர்மனியில் இருந்தபோதே ஓர் இசைக்குழு நடத்தினார். ஆகவே 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' ராணுவச் செய்தித்தாளின் ஐரோப்பியப் பதிப்பில் 1960களின் முற்பகுதியைப் புரட்டுவது பயன் தரும். முகாம் நிகழ்ச்சிகள் அதில் வரும். கோப்பு எரிந்துபோனவர்களுக்குப் படைப்பிரிவின் காலை அறிக்கைகள் கைகொடுக்கும்: யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில் என்ற அன்றாடப் பதிவு அது.

படி 7: கதைகளை ஆவணத்தோடு மோதவிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கிறிஸ்டோஃபர்சன் ஒரு ஹெலிகாப்டரை ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் இறக்கித் தன் பாடல் நாடாவைக் கொடுத்தார் என்பது கன்ட்ரி உலகின் புகழ்பெற்ற கதை. ஒரு கையில் பீர், மறு கையில் நாடாவுடன் இறங்கினார் என்று கேஷ் சொல்லிவந்தார். இறங்கியது உண்மை என்று கிறிஸ்டோஃபர்சனும் ஒப்புக்கொண்டார், பீரை மறுத்தார். ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும் என்பது அவர் வாதம். கேஷ் அப்போது வீட்டிலேயே இல்லை என்றுதான் தனக்கு நினைவு என்றும் சொன்னார்.

இதை மூன்று கேள்விகளாக உடையுங்கள். இறங்கியதா? இருவரும் சொல்கிறார்கள், ஆகவே வலுவானது. பீர் இருந்ததா? ஓட்டியவரே மறுக்கிறார். யாருடைய ஹெலிகாப்டர்? டென்னசி தேசியக் காவல் படையுடையது (நேஷனல் கார்ட்; இது போலீஸ் அல்ல, மாநில அளவிலான பகுதிநேர ராணுவம்) என்ற பேச்சு உண்டு. அதே காலத்தில் அவர் லூசியானாவில் கடலில் உள்ள எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் தனியார் ஹெலிகாப்டர் விமானியாகவும் இருந்தார். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாநிலக் காவல் படைப் பணிக்கான சான்றை டென்னசி மாநில அலுவலகத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

அவர் வியட்நாமில் பறந்தார் என்று எழுதுபவர்களும் உண்டு. அங்கே அனுப்பும்படி அவர் விரும்பிக் கேட்டார், அனுப்பப்படவில்லை. சோவியத் தலைவர் ஜோசஃப் ஸ்டாலின் இறந்த செய்தியை முதலில் அறிந்த அமெரிக்கர் ஜானி கேஷ் என்ற கதையையும் இதே முறையில் சோதிக்கலாம். லாண்ட்ஸ்பெர்க்கில் இருந்தார், மோர்ஸ் கேட்டார் என்பது வரை உறுதி; சமிக்ஞையைப் பதிவு செய்பவருக்கு அதன் பொருளும் தெரிந்திருந்ததா என்பது தனிக் கேள்வி.

படி 8: எழுதும்போது

ஆவணம் சொல்வதையும், அவரே சொன்னதையும், மற்றவர் சொன்னதையும் வாக்கியத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். 'கேப்டனாக விலகினார்' என்பது ஒரு வகை. 'என்று பின்னாளில் சொன்னார்' என்பது வேறு வகை. சமூகப் பாதுகாப்பு எண், உயிரோடிருக்கும் உறவினரின் முகவரி போன்றவை பழைய தாள்களில் கண்ணில் பட்டால் அவற்றை வெளியிடாதீர்கள்.

முழுக் கோப்பு வேண்டுமானால் நாட்காட்டியில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். 1965ஆம் ஆண்டு விலகலையே கணக்கில் கொண்டால் 62 ஆண்டுகள் 2027இல் நிறைகின்றன. காவல் படைப் பணியோ சேமப் படை (ரிசர்வ்) பொறுப்போ அதன் பிறகும் தொடர்ந்திருந்தால் அந்த ஆண்டு தள்ளிப்போகும். ஆகவே இப்போதே சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் இறுதி விலகல் தேதியாக எது இருக்கிறது என்று பாருங்கள்.